இடுப்பளவு விளிம்பு

காலையில் டீ டம்ளரை எடுக்கப் போனாள். வலது கை நெஞ்சுயரம் வரை வந்து நின்றுவிட்டது. தோள்பட்டைக்குள் ஆணியை வைத்துத் திருகினது போன்ற வலி கழுத்து வழியாகக் காதுவரை ஏறியது. டம்ளரை இடது கைக்கு மாற்றினாள். பாதி டீ மடியில் கொட்டியது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் அத்தை, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"எப்படி?"

"டீயை மடிக்கு ஊட்டுறது."

"இன்னைக்குத்தான்."

"பொய். நேத்து தலை வாரும்போது கையைக் கொண்டு தலைக்குப் போகல, தலையைக் கொண்டு கைக்குப் போன. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அத்தை என்பவள் அவளுடைய கணவனின் அம்மா. தெருவே அந்த அம்மாளை அத்தை என்றுதான் கூப்பிட்டது. மருமகளைத் தெரு கல்லுக்காரி என்றது. கணவன் கிரேன் ஓட்டுபவன், அவன் கிரேன்காரன். அந்த வீட்டில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. கூப்பிட்ட குரலிலேயே யாரைக் கூப்பிடுகிறார்கள், எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

எலும்பு டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்தார். அவள் கத்தின இடத்தில் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையை மடக்கி மார்போடு கட்டித் தொங்கவிட்டார். "ஒரு மாசத்துக்கு இந்தக் கை உங்க கை இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

"சனிக்கிழமை கல்லு போகணும் டாக்டர்."

"கல்லு போகட்டும். கை இருக்கட்டும்."

அதுதான் சங்கடம். கை இல்லாமல் கல் போகாது.

பின்கட்டில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மர அறுவை மில்லின் சுவர். மில்லில் ரம்பம் ஓடினால் இங்கே தகரம் அதிரும். கொட்டகை நடுவில், பழைய டயர்கள் மேல் போட்ட கட்டைகளில், சாம்பல் நிறப் பளிங்குக் கல் நின்றது. ஓர் ஆள் உயரம். அதற்கு இரண்டே முகங்கள். ஒன்று உள்வாங்கிக் குழிந்தது, மற்றது வெளியே புடைத்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு விளிம்பு. கீழே இடது மூலையில் கிளம்பி, மெதுவாகத் திரும்பி, உச்சியில் வலப்பக்கம் போய் முடியும். அந்த விளிம்புக்காகத்தான் மீதிக் கல் அத்தனையும். காலை வெயில் அதில் பட்டால் ஒரு முகம் வெளுக்கும், மறுமுகம் இருட்டும். நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டை அடிமுதல் நுனிவரை அறுபடாமல் கொண்டுவர அவளுக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. தோள் போனதும் அதில்தான்.

அவளுடைய அப்பா சாலையோரக் கல் உடைத்தவர். அவள் பதினேழு வயதில் கட்டட வேலைக்குப் போய்த் தரை தேய்த்தாள். சிற்பப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தாள். சோறு இல்லாததால் மூன்றாம் வருஷம் படிக்கவில்லை. கல்லறைகளுக்குத் தலை செதுக்கிக் கொடுத்துப் பிழைத்தாள். செத்தவர்களின் மூக்கு, செத்தவர்களின் மீசை. ஒருநாள் ஒரு தலைக்கு மூக்கு வைக்காமல் விட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பிறகு காதை எடுத்தாள். கடைசியில் ஆளையே எடுத்துவிட்டாள். கல் மட்டும் மிஞ்சியது. அதற்கப்புறம் அவள் ஆள் செய்யவே இல்லை. பிழைப்புக்கு வாரத்தில் மூன்று நாள் தரை தேய்க்கப் போனாள்.

"என் மருமக கல்லை வச்சுக் கல்லு செய்றா" என்று அத்தை தெருவில் சொல்லுவாள். தெரு சிரிக்கும். மில்காரர் மட்டும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இது என்னம்மா, ஒடஞ்ச பல்லா?" என்பார். அடுத்த வாரம், "படகுப் பாயா?" என்பார். கல்லுக்காரி எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பாள்.

கிரேன்காரனை அவள் கட்டிக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். முதன்முதலாக அவளுடைய கல் ஒன்றைத் தூக்க வந்தபோது, "எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டான். அதுவரை கல் தூக்க வந்தவர்களில் யாரும் கேட்டதில்லை. தங்களுக்குத் தோன்றின பக்கத்தை மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தப் பளிங்குக் கல் ஊரின் புது நூலகத்து முற்றத்துக்கு. அவள் செய்ததில் நாலு பேர் நடக்கிற இடத்தில் நிற்கப்போகும் முதல் கல் இதுதான். மற்றதெல்லாம் கொல்லையில் தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாரமாக இருந்தன. நூலகம் கட்டுகிற இன்ஜினீயர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை திறக்குறோம். சனிக்கிழமைக்குள்ள கல்லு நிக்கலன்னா அந்த மேடையில பூந்தொட்டி வச்சுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

புடைத்த முகம் மெருகு ஏறி முடிந்திருந்தது. குழிந்த முகம் பாக்கி.

அன்று மாலை கிரேன்காரன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். "சொல்லு. நான் தேய்க்கிறேன்."

தேய்த்தான். ஆள் பலசாலிதான். ஆனால் லீவரைத் தள்ளிப் பழகின கை, ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழப் பார்த்தது.

"போதும், விடுங்க!"

"ஏன், நல்லாத்தானே..."

"டேய், நகரு" என்றாள் அத்தை. துண்டை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். "கல்லுன்னா என்ன, குப்புறப் போட்ட அண்டாதானே."

முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினவள் அத்தை. ஆள் உள்ளே இறங்கி நின்று தேய்க்கிற அண்டாக்கள். அவளுடைய முன்கை கிரேன்காரன் முன்கையைவிடக் கொஞ்சம் தடிமன். சாணைக்கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தாள், தண்ணீர்க் குழாயைத் திருப்பச் சொன்னாள், ஆரம்பித்தாள். வட்டம் வட்டமாக, ஒரு வட்டத்தின் பாதியில் அடுத்த வட்டம். கல்லுக்காரி முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

"எப்படி?"

"நல்லா இருக்கு அத்தை."

"இன்னொரு தடவை சொல்லு. அந்த மில்லுக்காரனுக்குக் கேக்கல."

மூன்று நாள் அப்படிப் போனது. முதலில் சொரசொரப்பான சாணைக்கல், பிறகு நைசு, அதன்பிறகு வாட்டர் பேப்பர் என்கிற ஈர உப்புத்தாள். பால் மாதிரி வெள்ளைச் சேறு வழிந்து சாக்கடைக்குப் போனது. அத்தையின் புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் வெளுத்தன. மத்தியானம் அப்படியே உட்கார்ந்து சோறும் குழம்பும் அவித்த முட்டையும் சாப்பிடுவாள். சோற்றில் கல்மாவு விழுந்தால், "சுண்ணாம்புச் சத்து" என்பாள்.

"இத்தனை வருஷம் நான் சொல்ல நீ செஞ்ச. இப்ப நீ சொல்ல நான் செய்றேன். காலம் எப்படித் திரும்புது பாத்தியா?" என்றாள்.

"நீங்க சொல்லி நான் எப்ப செஞ்சேன் அத்தை?"

"அதுவும் சரிதான். நான் சொன்னேன், அதோட சரி."

கல்லுக்காரி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள்: விளிம்புக்கு ஒரு விரற்கடைக்கு முன்பே கையை நிறுத்திவிட வேண்டும். விளிம்பு பக்கம் போகக்கூடாது. அத்தை நிறுத்தத்தான் செய்தாள். ஆனால் மூன்றாம் நாள் ஈரத்தில் கை சறுக்கி விளிம்பில் உரசியது. சுண்டுவிரலில் கோடு போட்ட மாதிரி ரத்தம்.

"இது என்னடியம்மா, கல்லா கத்தியா?" விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே ஒரு பழைய தழும்பு. "இதே மாதிரிதான். புது அண்டா வாய் கிழிச்சது. எலும்பு தெரிஞ்சுது."

"அதான் கிட்ட போகாதீங்கன்னேன்."

"நான் போகமாட்டேன். மத்தவங்க?"

கல்லுக்காரி அதைக் காதில் வாங்கவில்லை. காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் கிரேன்காரனும் நூலகத்துக்குப் போனார்கள். மேடை சமமாக இருக்கிறதா, கிரேன் உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்க்க. மழை பிடித்துக்கொண்டது. மழைக்காக அங்கேயே ஒதுங்கி நின்றுவிட்டு, வெயில் இறங்குகிற நேரத்துக்கு வீடு திரும்பினார்கள்.

கொட்டகை வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. முகமெல்லாம் பெருமை.

"வா வா. வந்து பாரு. கேக்காமலே ஒரு வேலை செஞ்சு வச்சிருக்கேன்."

கல்லுக்காரி பார்த்தாள்.

விளிம்பு உச்சியிலிருந்து பாதிவரை இருந்தது. அதற்குக் கீழே இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து தரைவரை, சோப்புக்கட்டி முனை மாதிரி உருண்டு மழுங்கியிருந்தது. சொரசொரப்பான சாணைக்கல்லால் ஆரம்பித்து, நைசுக்கு வந்து, வாட்டர் பேப்பர் போட்டு, முறையாக, கொஞ்சமும் அவசரப்படாமல் செய்த வேலை.

"நூலகம்னா புள்ளைங்க வரும்" என்றாள் அத்தை. "ஓடும், விழும். மண்டை இதுல பட்டா என்ன ஆகும்? விடுதிக்குப் புது அண்டா வந்தா நான் மொதல்ல அதோட வாயைத் தேச்சு மழுக்கிட்டுத்தான் மத்தவங்க கையில குடுப்பேன். என் கை கிழிஞ்சதுக்கப்புறம் அங்க ஒருத்தி கை கிழிஞ்சதில்ல. இதுவும் என் இடுப்பு வரைக்கும்தான் தேச்சேன். அதுக்கு மேல எந்தப் புள்ளை மண்டை வரப்போகுது?"

கல்லுக்காரி கிட்டே போனாள். இடது கைக் கட்டைவிரலை மேலே விளிம்பில் வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். இடுப்புக்கு வந்ததும் விரல் சட்டென்று வழுக்கியது. அங்கேயே நின்றாள்.

கிரேன்காரன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு தகரத்தைப் பார்த்தான்.

"என்னடா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" அத்தையின் குரல் இறங்கியது. "தப்பா பண்ணிட்டேனா? பால்ல கொஞ்சம் தண்ணி ஊத்துன மாதிரியா?"

"இல்ல அத்தை" என்றாள் கல்லுக்காரி. "பாலைக் கீழ ஊத்திட்டுப் பாத்திரத்தக் கழுவி வச்ச மாதிரி."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, மில்லில் ரம்பம் ஓடியதால் கேட்கவில்லை.

அத்தை எழுந்து குளித்தாள். பெட்டியில் இரண்டு துணியை வைத்தாள். "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"போ" என்றான் மகன். "போறப்ப அந்தச் சாணைக்கல்லையும் எடுத்துட்டுப் போ. சித்தி வீட்டுல மேசை, அலமாரி எல்லாத்துக்கும் மூலை இருக்கு."

"உன் வாயை மொதல்ல மழுக்கியிருக்கணும்டா நான்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவன் அறைக் கதவைத் தட்டினான். "இன்ஜினீயருக்குப் போன் பண்ணி நாள் கேக்கவா?"

"குடுக்கமாட்டார்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "குடுத்தாலும் என்ன? அந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவரணும்னா ஒரு முகம் முழுக்க ரெண்டு விரற்கடை இறக்கணும். நல்ல தோள் இருந்தாலே மாசக்கணக்கு."

"அப்ப பூந்தொட்டியா?"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கல்லுக்காரி நேரே கொட்டகைக்குப் போனாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தையைத் தாண்டும்போது, "சாப்டீங்களா?" என்றாள்.

"எனக்குப் பசிக்கல."

"சாப்புடுங்க. காலையில வேலை இருக்கு."

விடிந்ததும் இருவரும் கல்லின் முன் நின்றார்கள். கல்லுக்காரி இடுப்பு உயரத்தில் விரலை வைத்தாள். "இங்கதான் அசிங்கம். மேல கூரு, கீழ மொழுக்கு, நடுவுல படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. குருடன் தொட்டாக்கூட இங்க ஒருத்தர் நிறுத்திட்டுப் போயிட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவான்."

"திரும்ப ஒட்ட முடியாதா?"

"கல்லுல எதையும் சேக்க முடியாது அத்தை. எடுக்கத்தான் முடியும். இந்த வெட்டு தெரியாம ஒரு முழ நீளத்துக்கு எடுக்கணும். கீழ உருண்டையா இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு, எங்க கூராச்சுன்னே தெரியாம கூராகணும்."

"கழுதை தேஞ்சு கட்டெறும்பான மாதிரியா?"

கல்லுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்றுதான் இருந்தாள். "ஆமா. ஆனா கழுதை எங்க முடிஞ்சுது, கட்டெறும்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியக்கூடாது."

அத்தை சாணைக்கல்லை எடுத்தாள். அவள் அதைக் கல்லில் வைக்கத் தயங்குவதைக் கல்லுக்காரி பார்த்தாள். பின்னால் நெருங்கி நின்று, தன் இடது கையை அத்தையின் வலது கைமேல் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கையாகத் தேய்த்தார்கள். கிரேன்காரன் தண்ணீர் விட்டான்.

"அழுத்தாதீங்க. கையோட எடையே போதும்."

"எத்தனை தடவை?"

"எண்ணாதீங்க. சத்தத்தைக் கேளுங்க. கீழ 'கொர்'ருங்குதா? மேல போகப் போக 'சீ'ன்னு மெலியுது பாருங்க."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கொர். கொர். சீ. நடுவில் ஓரிடத்தில் சத்தம் தட்டியது. கல்லுக்காரி சொல்லுமுன்னே அத்தை கையை நிறுத்தினாள். "இங்க. இங்க ஒண்ணு தூக்கிட்டு நிக்குது."

"ஆமா. எடுங்க."

எடுத்தாள். கல்லுக்காரி தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். அத்தை அதைக் கவனிக்கவில்லை.

அறுவை மில்காரர் தலையை நீட்டினார். "என்ன, மாமியாரும் மருமகளும் பல்லு வெளக்குறீங்களா?"

"வேலையைப் பாருய்யா!" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல். "சத்தம் கேக்கல. அந்த ரம்பத்த நிறுத்து!"

என்ன நினைத்தாரோ, மனுஷன் நிறுத்திவிட்டார். தெரு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது வேலை முடிந்தது. கல்லுக்காரி கண்ணை மூடி, மேலிருந்து கீழ்வரை விரலை இறக்கினாள். எங்கும் தட்டவில்லை. "சரி, தூக்குங்க" என்றாள் கணவனிடம்.

நூலக முற்றத்தில் கிரேன் கையை நீட்டியது. பட்டைக் கயிற்றில் கல் எழும்பி மெல்லச் சுற்றியது. கிரேன்காரன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, எப்போதும் கேட்பதைக் கேட்டான்: "எந்தப் பக்கம் மேல?"

"உங்க அம்மாவைக் கேளுங்க" என்றாள் கல்லுக்காரி.

"கூரா இருக்கிறது மேலடா! மொழுக்கு கீழ! பாத்து இறக்கு, சோத்துப்பானை மாதிரி இறக்கு!"

இறக்கினான். சாயங்கால வெயில் குறுக்கே விழுந்தது. மேலே அந்தக் கோடு நின்றது. இறங்கி வர வர இளகி, இடுப்புக்குக் கீழே வெளிச்சமும் இருட்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. கல்லுக்காரி தள்ளி நின்று பார்த்தாள். மோசமில்லை. நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் செய்த கல் இது இல்லை. அந்தக் கல் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு போய்விட்டது. அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான், மில்காரரைச் சேர்த்தால் நாலு.

இன்ஜினீயர் வந்தார். கல்லுக்காரி முதலில் செய்து காட்டின சின்ன மாதிரியின் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தார். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"பிரமாதம்மா" என்றார். "படத்துல இருக்கிற மாதிரியே அப்படியே வந்திருக்கு. ஒரு நூல் மாறல."

கல்லுக்காரி மூச்சு விட்டாள்.

"ஒரு நூல் மாறலையா?" என்றாள் அத்தை.

"அத்தை..."

"ஏங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மேல பாத்தீங்களா? கீழ பாத்தீங்களா? படத்துல கீழ எப்படி இருக்கு?"

கல்லுக்காரி இடது கையால் அத்தையின் இடுப்பில் கிள்ளினாள். நல்ல கிள்ளு.

"ஏம்மா, ஏதாவது குறையா?" என்றார் இன்ஜினீயர்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அத்தை, இடுப்பைத் தடவிக்கொண்டே. "வெயில் கண்ணுல அடிக்குது."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார். மாமியாரும் மருமகளும் நூலகப் படியில் உட்கார்ந்தார்கள். அத்தைக்கு ஆறவில்லை.

"இவனுக்கெல்லாம் யாரு கட்டடம் கட்டக் குடுத்தது? இடுப்பளவு விளிம்பு போயிருக்கு, தெரியல! ஒரு கோடைக்காலம் நீ தோளை ஒடச்சுக்கிட்டுச் செஞ்சது. ஒரு நூல் மாறலையாம், நூல்!"

"அத்தை, தேச்சது நீங்க."

"தேச்சது நான்தான். இல்லேன்னு சொன்னேனா? அதுக்காகப் போனது போனதுன்னு ஒரு மனுஷனுக்குத் தெரிய வேணாமா?"

கல்லுக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கல் செய்தாள். பல்லா என்றார்கள், பாயா என்றார்கள், பிரமாதம் என்றார்கள். அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று சண்டைக்குப் போன முதல் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, காது மடலில் வெள்ளைச் சேறோடு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

காவல்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கல்லின் மேல் சாய்த்தார்.

"யோவ்!" அத்தை எழுந்தே விட்டாள். "எடுய்யா சைக்கிளை! சாய்க்கிறதுக்குச் சுவர் இல்லையா ஊர்ல?"

அவர் பயந்துபோய் எடுத்தார். அத்தை போய்த் துண்டால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கிரேன்காரன் டீ வாங்கி வந்தான். கல்லுக்காரி இடது கையால் வாங்கினாள். இந்தத் தடவை கொட்டவில்லை.

"அடுத்த கல்லு எப்ப வருது?" என்றாள் அத்தை.

"தோள் சரியாகட்டும்."

"அதுல விளிம்பு உண்டா?"

"உண்டு. இதைவிட நீளம்."

"நான் தொடமாட்டேன்பா."

"தொடுவீங்க. வேற யாரு இருக்கா எனக்கு? உங்க புள்ளை தேச்சா கல்லு குளமாயிடும்."

கிரேன்காரன் டீயை உறிஞ்சினான். அத்தை கல்லைக் காட்டினாள்.

"அப்ப இந்த விளிம்பு கணக்கு?"

"பாக்கிதான்."

"வட்டி போடுவியா?"

"அடுத்த கல்லுல கிட்ட போனீங்கன்னா போடுவேன்."

"சரி, வச்சுக்கோ" என்றாள் அத்தை. "தர்றேன்."

நூலகம் திறந்தாயிற்று. பிள்ளைகள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள். இதுவரை ஒரு மண்டையும் உடையவில்லை. கல்லுக்காரிக்குத் தோள் சரியாகி, அடுத்த கல்லும் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அத்தை அவளுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு விளிம்பு தரவேண்டும். இன்னும் தரவில்லை.